ஒரு சிட்டிகை சாம்பிராணி

பள்ளிப் பிள்ளைகளுக்கு உலக வரலாற்றுப் பாடம் எழுதும் குழுவினருக்கும், அந்தப் பாடத்தைச் சுருக்கிக் கையேடு போடும் பதிப்பகத்தாருக்கும்,

வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாக ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருக்கிறேன். குறை சொல்லிக் கடிதம் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இதை எழுத வைத்தது ஒரே ஒரு மார்க்.

போன பருவத் தேர்வில் ஒரு வரிக் கேள்வி: “கிறித்தவத்தை ரோமப் பேரரசின் அரச சமயமாக்கியவர் யார்? எந்த ஆண்டு?” என் வகுப்பு மாணவி ஒருத்தி “தியோடோசியஸ், கி.பி. 380” என்று எழுதியிருந்தாள். தாளைத் திருத்தியவர் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் “கான்ஸ்டன்டைன், 313” என்று எழுதிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த கையேட்டில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. நான் போய்ப் பேசி மார்க்கை வாங்கிக் கொடுத்துவிட்டேன். தாளைத் திரும்ப வாங்கும்போது அவள் கேட்டாள்: “சரி சார், 313லயே மாத்திட்டாங்கன்னு வச்சுக்குவோம். அதுவரைக்கும் கும்பிட்ட சாமியெல்லாம் 314ல எங்க சார் போச்சு?”

பதில் சொல்ல ஒரு பாடவேளை போதவில்லை, மூன்று எடுத்துக்கொண்டேன். பாடத்தில் பின்தங்கியதற்குத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நடந்தது. அந்த மூன்று வேளைகளில் நான் பலகையில் எழுதியவற்றைத்தான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஆண்டுக் கணக்கை முடித்துவிடலாம். 313இல் கான்ஸ்டன்டைனும், அவரோடு பேரரசைப் பங்கிட்டு ஆண்ட லிசினியஸும் மிலானில் கூடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதை லிசினியஸ் அந்த ஆண்டு ஜூன் மாதம் நிகோமீடியாவில் அறிவிப்பாக வெளியிட்டார். கிறித்தவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் அவரவர் விரும்பும் சமயத்தைப் பின்பற்ற உரிமை உண்டு, கிறித்தவர்களிடமிருந்து பிடுங்கிய சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதில் “வானத்தில் வீற்றிருக்கும் தெய்வம் எதுவாயினும்” அது நமக்கு அருள்செய்யட்டும் என்று ஒரு தொடர் வருகிறது. எந்தச் சாமியின் பேரும் இல்லை. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும்படி ஒரு நல்ல எழுத்தர் எழுதிய வரி அது.

கான்ஸ்டன்டைனின் நாணயங்களில் சூரிய தேவன் இன்னும் பத்து வருடத்துக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தான். 321இல் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறையாக்கியபோது சட்டத்தில் எழுதியிருந்தது “மதிப்புக்குரிய சூரியனின் நாள்” என்று. மன்னர் ஞானஸ்நானம் பெற்றதே 337இல், சாகும் தறுவாயில். அரச சமயம் என்று சொல்லத்தக்க ஆணை 380 பிப்ரவரியில் தெசலோனிக்காவில் தியோடோசியஸ் போட்டது. அதன் கோபமும் முதலில் பாய்ந்தது ஜூபிடர் கோயில்மீது இல்லை. கிறிஸ்துவும் தந்தையாகிய கடவுளும் ஒரே தன்மையுடையவர்கள் என்ற நைசீயக் கோட்பாட்டை ஏற்காத சக கிறித்தவர்கள்மீது. இடையில் 67 ஆண்டு. பாட்டன் காலத்தையும் பேரன் காலத்தையும் ஒரு மார்க்கில் அடைத்திருக்கிறோம்.

ஆனால் ஆண்டு தப்பாக இருப்பது என் பெரிய வருத்தம் இல்லை. அதைத் திருத்த ஒரு பிழைத்திருத்தச் சீட்டு போதும். “ஒரே கடவுளை நம்பியவர்களுக்கும் பல கடவுள்களை நம்பியவர்களுக்கும் மோதல் ஏற்பட்டது” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோமே, அதுதான் வருத்தம். எதை வைத்து மோதினார்கள்? பக்கத்து வீட்டுக்காரன் எத்தனை சாமி கும்பிடுகிறான் என்று எண்ணிப் பார்த்தா அடித்துக்கொண்டார்கள்?

கி.பி. 112 வாக்கில் கருங்கடல் ஓரத்துப் பித்தினியா மாகாணத்தில் பிளினி என்பவர் ஆளுநராக இருந்தார். படித்தவர், வழக்கறிஞர், கொஞ்சம் பயந்த சுபாவம். கிறித்தவர்கள் என்று சிலரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நம்மூர் மாவட்ட ஆட்சியர் தலைமைச் செயலகத்துக்கு “தெளிவுரை வேண்டி” எழுதுவதுபோல, டிராஜன் மன்னருக்கு ஒரு கடிதம் போடுகிறார். கிறித்தவன் என்ற பெயரே குற்றமா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்து வேறு குற்றம் இருந்தால்தான் தண்டனையா? வயதுக்குச் சலுகை உண்டா? விட்டுவிட்டேன் என்பவனை விட்டுவிடலாமா?

அவர் வைத்த சோதனையைப் பாருங்கள். தெய்வங்களின் சிலைகளோடு மன்னரின் உருவத்தையும் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். நான் கிறித்தவன் இல்லை என்றவர்கள், அவர் சொல்லச் சொல்லத் தெய்வங்களை அழைக்க வேண்டும், மன்னர் உருவத்தின் முன் சாம்பிராணியும் மதுவும் படைக்க வேண்டும், கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். செய்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். ஆம், நான் கிறித்தவன்தான் என்பவரிடம் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவையும் அதே பதில் வந்தால் மரண தண்டனை. ரோமக் குடியுரிமை உள்ளவரானால் ரோமுக்கு அனுப்பினார்.

அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்தும் பார்த்தார். விட்டுவிலகியவர்கள் சொன்னது: ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுவோம், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், சொன்ன சொல் தவற மாட்டோம் என்று உறுதி எடுப்போம், அப்புறம் சேர்ந்து சாப்பிடுவோம், சாதாரணச் சாப்பாடுதான். அதை நம்பாமல் இரண்டு அடிமைப் பெண்களை, சபையில் ஊழியம் செய்தவர்களை, வதைத்தும் விசாரித்தார். பேர்கூட எழுதி வைக்கவில்லை அந்த மனிதர். கிடைத்தது “அளவுக்கு மீறிய மூடநம்பிக்கை” மட்டும்தான் என்று மன்னருக்கு எழுதுகிறார். டிராஜனின் பதில் சுருக்கம்: தேடிப் போய்ப் பிடிக்காதே, புகார் வந்து நிரூபணமானால் தண்டி, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் மன்னித்துவிடு, பேர் போடாத மொட்டைக் கடிதத்தை மட்டும் தொடாதே, அது நம் காலத்துக்கு அழகில்லை.

“மொட்டைக் கடிதாசி” என்று சொன்னதும் கடைசி பெஞ்சு வரை நிமிர்ந்து உட்கார்ந்தது. 1,900 வருடம் பழைய ஓர் அரசுக் கோப்பில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு பொருள்.

பிளினியின் கடிதக் கடைசியில் இன்னொரு வரி இருக்கிறது. நான் எழுதுவதானால் அந்த வரியிலிருந்துதான் பாடத்தையே தொடங்குவேன். ஆள் நடமாட்டம் அற்றுக் கிடந்த கோயில்களுக்கு இப்போது மறுபடி கூட்டம் வருகிறது, இவ்வளவு நாள் வாங்க ஆளில்லாமல் கிடந்த பலி இறைச்சி மறுபடி விற்கிறது என்கிறார். கோயிலில் வெட்டிய மாட்டின் கறி சந்தைக்கு வரும். வாங்குபவர் குறைந்தால் கசாப்புக் கடைக்காரருக்கு நஷ்டம், மாடு வளர்ப்பவருக்கு நஷ்டம். படைத்த கறியைத் தின்னலாமா கூடாதா என்று கொரிந்து சபைக்குக் கிறித்தவப் போதகர் பவுல் பக்கம் பக்கமாக எழுதியதும் இந்தக் கறிதான்.

எபேசுவில் இதே கதை வெள்ளியில் நடந்தது. வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தெமேத்திரியு ஒரு வெள்ளித் தட்டான். ஆர்த்தெமிஸ் கோயிலின் சிறிய வெள்ளி வடிவங்களைச் செய்து விற்பவன். கையால் செய்தவை தெய்வங்கள் அல்ல என்று பவுல் சொல்லித் திரிகிறான், நம் பிழைப்புப் போச்சு என்று தொழிலாளிகளைக் கூட்டினான். அரங்கத்தில் இரண்டு மணி நேரம் கோஷம். கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியாது என்று அந்த நூலே சொல்கிறது. லீஸ்திரா ஊரிலோ நேர்மாறு. ஒரு முடவனைப் பவுல் நடக்க வைத்ததும், ஊரார் அவரோடு வந்த பர்னபாவை சேயுசு தெய்வம் என்றும் பவுலை எர்மஸ் தெய்வம் என்றும் முடிவுகட்டிவிட்டார்கள். பூசாரி காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்துவிட்டார். இவர்கள் இருவரும் துணியைக் கிழித்துக்கொண்டு “ஐயா, நாங்களும் மனுசங்கதான்” என்று கத்த வேண்டியதாயிற்று. (பழைய தமிழ் வேதாகமத்தில் இவர்கள் யூப்பித்தர், மெர்க்கூரி, எபேசு அம்மன் தியானாள். கிரேக்கப் பெயர்களுக்கு லத்தீன் சட்டை போட்டுத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.) லீஸ்திராக்காரர்களுக்குப் புதிய சாமி வருவதில் ஒரு கஷ்டமும் இல்லை. இருக்கிற வரிசையில் இன்னும் இரண்டு பேர், அவ்வளவுதான். வந்தவர்கள் வரிசையையே கலைக்கச் சொன்னதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

ரோமர்களின் பயமும் அது. தெய்வங்களின் நல்லெண்ணம் ஊர் முழுவதற்கும் பொதுவானது. ஊர்ப் பொங்கலுக்கு வரி கொடுக்காத ஒரு வீடு இருந்தால், மழை பெய்யாத வருடம் எல்லாருடைய கண்ணும் எந்த வீட்டின் மேல் விழும்? கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்தூலியன் 197இல் இதைக் கேலியாகவே எழுதினார்: டைபர் கரை மீறினாலும் நைல் கரை ஏறாவிட்டாலும் “கிறித்தவர்களைச் சிங்கத்துக்குப் போடு” என்கிறீர்கள், இத்தனை பேரையும் ஒரு சிங்கத்துக்கா? யூதர்களும் பலி கொடுக்க மறுத்தவர்கள்தானே, அவர்களை ஏன் விட்டார்கள் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அது அவர்களின் பாட்டன் பூட்டன் வழக்கம். பழைய வழக்கத்துக்கு ரோமர்கள் மரியாதை கொடுப்பார்கள். கிறித்தவர்களோ தங்கள் பாட்டன் வழக்கத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். ரோமர் கண்ணில் தெய்வ நம்பிக்கையே இல்லாத நாத்திகர்கள். ஸ்மிர்னாவில் கிறித்தவ ஆயரான கிழவர் பொலிக்கார்ப்பை அரங்கத்தில் நிறுத்தி “நாத்திகர்கள் ஒழிக என்று சொல், விட்டுவிடுகிறோம்” என்றார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையை வீசி “நாத்திகர்கள் ஒழிக” என்றாராம்.

அடுத்தது ஒரு சீட்டு. இதைப் படமாகவே பாடத்தில் போடலாம். 249 முடிந்து 250 பிறக்கும் நேரத்தில் டெசியஸ் மன்னர் ஓர் ஆணை போட்டார். பேரரசில் இருக்கும் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கென்று நியமித்த குழுவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்தின் மணலில் இந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அதில் ஒன்று அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்து அவுரேலியஸ் டயோஜெனிஸ் உடையது. சதபூஸ் மகன், வயது 72, அடையாளம்: வலது புருவத்தில் ஒரு தழும்பு. “நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன். இப்போதும் உங்கள் முன்னிலையில், ஆணைப்படி, பலியிட்டேன், மது ஊற்றினேன், படையலை ருசித்தேன். இதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன்.” நம் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தில் அங்க அடையாளம் கேட்பதுபோலவே கேட்டிருக்கிறார்கள்.

இதைவிட வேடிக்கையான சீட்டும் உண்டு. முதலை தெய்வமான பெத்தெசுக்கோஸின் பூசாரியம்மாவே ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார். அன்றாடம் சாமிக்குப் படைப்பதே வேலையாக இருப்பவரும் வரிசையில் நின்று, நானும் சாமி கும்பிடுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆணை எவ்வளவு முழுதாக எல்லார்மேலும் விழுந்தது என்பதற்கு இந்த ஒரு சீட்டு போதும். கிறித்தவர்களில் சிலர் செத்தார்கள். பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். இவர்களை மறுபடி சேர்ப்பதா வேண்டாமா என்று கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. சாம்பிராணி போட்டவர்கள் ஒரு வகை, பலியிட்டவர்கள் ஒரு வகை, சீட்டு வாங்கியவர்கள் ஒரு வகை என்று பெயர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அடக்குமுறை என்றால் சிங்கமும் அரங்கமும் மட்டும்தான் என்று படம் போடுகிறோம்; ரொம்பப் பேருக்கு அது அலுவலகமும் வரிசையும் கையூட்டுமாக இருந்தது.

டெசியஸுக்கு முன்னும் பின்னும் கிறித்தவர்கள் மனு மேல் மனுவாக எழுதினார்கள். ஜஸ்டின் என்ற கிறித்தவ அறிஞர் மன்னருக்கே எழுதினார். தெர்த்தூலியன் 212 வாக்கில் ஆப்பிரிக்க ஆளுநர் ஸ்காப்புலாவுக்கு எழுதியது இது: தான் சரியென்று நினைப்பதை வணங்குவது ஒவ்வொரு மனிதனின் உரிமை, இயல்பான ஆற்றல், சமயத்தைக் கட்டாயப்படுத்துவது சமயத்தின் வேலை இல்லை. நூறு வருடம் கழித்து லாக்டான்டியஸ் என்ற கிறித்தவர் அதையே வேறுவிதமாகச் சொன்னார்: சமயத்தைப்போல விரும்பிச் செய்ய வேண்டிய காரியம் வேறெதுவும் இல்லை. டயோக்ளீஷியன் 303இல் தொடங்கிய அடக்குமுறையைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அப்புறம் காற்று திரும்பியது. கான்ஸ்டன்டைனின் மகன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் 341இல் “பலியிடும் பைத்தியக்காரத்தனம் ஒழியட்டும்” என்று சட்டம் எழுதினார். அடுத்து வந்த ஜூலியன் (361–363) எல்லாவற்றையும் பழையபடி மாற்றப் பார்த்தார். அவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை. தோற்றவர்தான், ஆனால் சுவையானவர். அந்தியோக்கியாவுக்குப் பக்கத்தில் தாப்னே என்ற இடத்தில் அப்பல்லோ திருவிழா. நகரமே திரண்டு காளைகளும் தூபமும் வெள்ளை உடைப் பிள்ளைகளுமாக நிற்கும் என்று கற்பனை செய்துகொண்டு மன்னர் போகிறார். அங்கே ஒரே ஒரு பூசாரி, கையில் ஒரே ஒரு வாத்து. அதுவும் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. நகரம் ஒன்றும் கொடுக்கவில்லை. இதை ஜூலியனே எழுதி வைத்திருக்கிறார், வாய்விட்டு அழாத குறையாக. கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு அவர் எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறித்தவர்களை அப்படித்தான் சொல்வார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நாம் என்ன செய்கிறோம் என்று கேட்கிறார். பழைய சமயம் வாளால் மட்டும் சாய்ந்தது என்பவர்களும், அருளால் மட்டும் வென்றது என்பவர்களும் அந்த வாத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி நான் உண்மையில் கேட்க வந்த இடம்.

ரோம ஆட்சிமன்றத்தில் வெற்றித் தேவதையின் சிலை ஒன்று இருந்தது. கி.மு. 29இல் அகஸ்டஸ் வைத்தது. முன்னால் ஒரு பலிபீடம். உறுப்பினர்கள் உள்ளே வரும்போது அதில் கொஞ்சம் சாம்பிராணி போட்டுவிட்டுப் போய் உட்காருவார்கள். 382இல் கிரேஷியன் மன்னர் அந்தப் பீடத்தை அகற்றினார். வெஸ்டா தெய்வத்தின் கன்னிப் பூசாரிகளுக்கும் மற்றப் பூசாரிகளுக்கும் கொடுத்துவந்த மானியத்தையும் நிறுத்தினார். 384இல் ரோம நகரத் தலைவராக இருந்த, பழைய சமயத்தைச் சேர்ந்த சிம்மாக்கஸ், சிறுவனாக இருந்த இரண்டாம் வாலன்டினியனுக்கு ஒரு மனு எழுதினார். அதில் ரோம் நகரமே ஒரு கிழவியாகப் பேசுகிறது: எனக்கு வயதாகிவிட்டது, இந்த வயதில் வந்து என்னைத் திருத்துவது காலம் கடந்தது, அவமானமும்கூட. என் வழியில் என்னை இருக்க விடுங்கள். பிறகு சிம்மாக்கஸ் சொல்கிறார்: நாம் பார்ப்பது ஒரே விண்மீன்களைத்தான், வானம் எல்லாருக்கும் பொது, ஒரே உலகம்தான் நம்மைச் சூழ்ந்திருக்கிறது. அவரவர் எந்த அறிவால் உண்மையைத் தேடினால் என்ன? இவ்வளவு பெரிய மறைபொருளை ஒரே வழியில் போய் அடைய முடியாது.

மிலான் ஆயர் அம்புரோஸ் பதில் எழுதினார். பொதுவாக இவரை முரடராகக் காட்டிவிடுவார்கள். மன்னரே, நீங்கள் இதற்கு இணங்கினால் ஆலயத்துக்கு வரலாம், ஆனால் அங்கே குரு இருக்க மாட்டார், இருந்தால் தடுத்து நிற்பார் என்று மிரட்டவும் செய்தார்தான். நீங்கள் ஊகித்துத் தேடுவதை நாங்கள் கடவுளின் வாக்கிலிருந்தே அறிந்திருக்கிறோம் என்றார். ஆனால் அவர் கேட்ட இன்னொன்றுக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. ஆட்சிமன்றத்தில் இப்போது கிறித்தவ உறுப்பினர்களும் இருக்கிறார்களே, விருப்பமில்லாத அவர்கள் மூக்கில் அந்தச் சாம்பிராணிப் புகை ஏற வேண்டுமா, தொண்டையில் அந்தச் சாம்பல் அடைய வேண்டுமா? தன் சாமியை விட்டுக்கொடுக்காத எவனும் கேட்கக்கூடிய கேள்வி அது. அடுத்து, கோயில்கள் இதுவரை எத்தனை கைதிகளை மீட்டன, எத்தனை ஏழைகளுக்குச் சோறு போட்டன என்று கணக்குச் சொல்லச் சொன்னார். ஜூலியனின் புலம்பலும் அதுதானே.

மனு தள்ளுபடி ஆனது. இதில் ஓர் உபகதை. அதே ஆண்டு, அதே சிம்மாக்கஸ்தான் மிலானுக்கு ஒரு பேச்சுக்கலை ஆசிரியர் வேண்டும் என்று கேட்டபோது ஓர் இளைஞரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார். அந்த இளைஞர் அங்கே அம்புரோஸின் பிரசங்கம் கேட்கப் போய், 387இல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் வாங்கினார். பெயர் அகுஸ்தீன், பின்னாளில் கிறித்தவத்தின் பெரிய இறையியல் அறிஞர்.

சிம்மாக்கஸுக்கு இரண்டொரு வருடம் கழித்து அந்தியோக்கியாவிலிருந்து லிபானியஸ் என்ற பழைய சமயத்துப் பேச்சுக்கலை ஆசிரியர் தியோடோசியஸுக்கு எழுதினார். கறுப்பு அங்கிக்காரர்கள், யானையைவிட அதிகம் தின்பவர்கள் (துறவிகளைத்தான் சொல்கிறார், கிழவருக்கு நாக்கு நீளம்), தடியும் கல்லும் கடப்பாரையுமாகக் கோயில்மேல் பாய்கிறார்கள். கிராமத்துக்குக் கோயில்தான் உயிர். உழவன் தன் மனைவி, பிள்ளை, மாடு, விதை எல்லாவற்றுக்கும் அங்கேதான் நம்பிக்கை வைத்திருக்கிறான். அதை இடித்தால் உழைக்கிற மனமும் போய்விடும், உங்களுக்கு வரியும் வராது என்றார். வரியை ஞாபகப்படுத்தினால்தான் மன்னர் காதில் ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த விஷயத்தில் வற்புறுத்தல் உதவாது, இணங்க வைக்கத்தான் வேண்டும் என்றும் எழுதினார்.

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? தெர்த்தூலியன் ஸ்காப்புலாவுக்கு எழுதிய அதே வழக்கு. 212இல் கிறித்தவர் வாயில் இருந்தது, 386 வாக்கில் பழைய சமயத்தார் வாய்க்கு வந்துவிட்டது. நீதிமன்றம் அதே, மனுவின் வாசகம்கூட ஏறக்குறைய அதே, மனுதாரர்தான் மாறிவிட்டார். ரோமின் கதை முழுவதிலும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நீங்கள் கொடுக்கும் பாடத்தில் இது மட்டும் இல்லை.

392 நவம்பர் 8. தியோடோசியஸின் ஆணை. எந்தத் தகுதியில் இருப்பவனும், எந்த ஊரிலும், வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கேற்றக் கூடாது, மது ஊற்றக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது. சாம்பிராணி புகைந்தது என்று நிரூபணமான இடம், புகைத்தவனுக்குச் சொந்தமானதாக இருந்தால், அரசுக்குப் பறிமுதல். பிளினி காலத்தில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட மறுத்தால் உயிர் போகும். 280 வருடம் கழித்து, போட்டால் வீடு போகும்.

நடந்த இன்னும் பெரிய காரியங்களை நான் வேகமாகத்தான் சொன்னேன். அலெக்சாந்திரியாவில் செராப்பிஸ் கோயில் தரைமட்டமானது, 415இல் தத்துவ ஆசிரியை ஹைப்பேஷியாவை ஒரு கும்பல் கொன்றது எல்லாம் காணொளிகளில் ஏற்கெனவே போதுமான ரத்தத்தோடு கிடைக்கின்றன. ஆயருக்கும் ஆளுநருக்கும் இருந்த அதிகாரப் போட்டியைச் சேர்க்காமல் ஹைப்பேஷியா கதையைச் சொல்லாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

சொற்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கையேட்டில் “பாகன்கள் துன்புறுத்தப்பட்டனர்” என்று இருந்தது. வகுப்பில் ஒரு பையன், யானைப் பாகன்கள் என்ன சார் தப்புப் பண்ணாங்க என்று கேட்டுவிட்டான். சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பட்டிக்காட்டான் என்ற பொருளும் உண்டு. கிறித்தவர்கள் பிறருக்கு வைத்த பெயர். அந்தப் பிறருக்குத் தங்களைக் குறிக்க ஒரு பெயரே தேவைப்படவில்லை. நம் பழைய கிறித்தவத் தமிழில் இவர்கள் “அஞ்ஞானிகள்”. அதுவும் ஒரு தரப்பின் தீர்ப்புதான். “பழைய சமயத்தார்” என்று எழுதினால் போதுமே. அதேபோல, கிறித்தவர்கள் மற்றத் தெய்வங்கள் இல்லவே இல்லை என்றார்கள் என்று எழுதாதீர்கள். இருக்கின்றன, ஆனால் பேய்கள் என்றே பலரும் நம்பினார்கள். கிரேக்கத்தில் தைமோன் என்றால் ஓர் ஆவி, அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். இவர்கள் வாயில் அது முழுப் பேயாகிவிட்டது. மறுபக்கம், வட ஆப்பிரிக்காவின் மதவ்ரா ஊரிலிருந்து மாக்சிமஸ் என்ற பழைய சமயத்தார் அகுஸ்தீனுக்கு எழுதுகிறார்: கடவுள் ஒருவரே, அவருடைய ஆற்றல்களைத்தான் நாங்கள் பல பேர் சொல்லி அழைக்கிறோம். ஒன்று, பல என்ற எண்ணிக்கை அந்தக் காலத்திலேயே அவ்வளவு கறாராக இல்லை. இதில் நம்மூர்க் கதையையும் இழுத்துவர எனக்குக் கை அரிக்கிறது. ஆனால் அது வேறு மடல்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். சாமிகள் 314இல் எங்கேயும் போகவில்லை. 6ஆம் நூற்றாண்டின் நடுவிலும் சின்ன ஆசியாவின் மலைக் கிராமங்களில் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர்களை மதம் மாற்ற, ஜஸ்டினியன் மன்னர் எபேசு யோவானை அனுப்ப வேண்டியிருந்தது. 392இன் ஆணையைப் போன்ற சட்டங்களை மறுபடி மறுபடி போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு சட்டம் அடிக்கடி வந்தால் அதை யாரும் சரியாக மதிக்கவில்லை என்று அர்த்தம். “உன் வீட்டுத் தினசரிக் காலண்டரில் இரண்டு சாமி இருக்கு, பார்” என்றேன். ஜனவரியில் ஜானஸ், மார்ச்சில் மார்ஸ். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

என் கோரிக்கை சின்னது. பாடத்தை நீட்டச் சொல்லவில்லை. அரைப் பக்கம் அடைத்துக்கொண்டிருக்கும் கொலோசியத்தின் படத்தைக் கால் பக்கமாக்குங்கள். அதைப் பிள்ளைகள் கைப்பேசியில் இதைவிட நன்றாகப் பார்க்கிறார்கள். மிச்சமாகும் கால் பக்கத்தில் டயோஜெனிஸின் சீட்டை, தழும்போடு, போடுங்கள். அதன் கீழே தெர்த்தூலியனின் ஒரு வாக்கியம், சிம்மாக்கஸின் ஒரு வாக்கியம், அம்புரோஸின் மூக்கு ஒன்று, 392 ஆணையின் இரண்டு வரி. இருபது வரிக்குள் அடங்கும், நான் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒரு மார்க் கேள்வியை எடுத்துவிட்டு, பெயர் போடாமல் இரண்டு மனுக்களைக் கொடுத்து “எது யார் எழுதியது, ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று ஐந்து மார்க்குக்குக் கேளுங்கள்.

நான் வகுப்பில் கேட்டேன். 41 பேரில் 33 பேர் மாற்றி எழுதினார்கள். “கட்டாயப்படுத்துவது சமயத்தின் வேலை இல்லை” என்றது கோயில் இடிபடுவதைப் பார்த்த பழைய சமயத்தார் ஒருவர்தான் என்று அடித்துச் சொன்னார்கள். அந்த மாணவி மட்டும் தாளில் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் “எந்த வருஷம்னு சொன்னாதான் சார் சொல்ல முடியும்” என்று எழுதியிருந்தாள்.

முழு மார்க் போட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர்